வளைந்த குருசு

எங்கள் ஊரில் சண்டை நடக்கிற இடத்துக்கு அவர் வருவதற்கு முன்னால் சாயா வந்துவிடும். கடற்கரை முக்கில் இருக்கிற டீக்கடையில் சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார். தூக்குவாளியும் கண்ணாடித் தம்ளர்களும் வருவதைப் பார்த்ததுமே, கத்திக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். பின்னாலேயே வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவர் வருவார். கூட்டத்தில் யார் அதிகமாகக் கத்துகிறாரோ அந்த ஆளின் தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தி உட்கார வைப்பார். முதல் தம்ளர் அந்த ஆளுக்குத்தான்.

"குடி மக்கா. குடிச்சிட்டு ஏசு."

கொதிக்கிற சாயாவை வாயில் வைத்துக்கொண்டு யாரால் ஏச முடியும்? ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்போது பழைய வேகம் இருக்காது. அதற்குள் அவர் இரண்டு பக்கமும் பேசி முடித்திருப்பார். "சத்தம் அடங்கினா சங்கடம் அடங்கும்" என்பது அவருடைய வாக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பழமொழி என்றே நினைத்து வளர்ந்தோம். இப்போதும் யாராவது அதைச் சொல்லக் கேட்டால் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வரும்.

அவர் பெயர் வேண்டாம். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாமா. குளச்சலில் மீன் ஏஜெண்டாக இருந்து ஓய்ந்தவர். கோயில் கமிட்டியில் பல காலம் இருந்தார். தன் காலத்தில் ஊரிலிருந்து ஒரு வழக்குகூட போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சொல்லும்போது நெஞ்சில் சிலுவை அடையாளமாகக் குருசு வரைந்துகொள்வார்.

தெருக்குழாய்ச் சண்டை ஒன்று நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் குடத்தால் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். மாமா வந்தார், சாயா வந்தது. ஒரு நாள் இவள் முதலில் பிடிப்பது, மறுநாள் அவள் முதலில் பிடிப்பது என்று தீர்ப்பாயிற்று. இருவரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்ததுதான் சண்டைக்கே காரணம். எங்கோ மண்ணுக்கடியில் பைப் அடைத்துக் கிடந்தது. அதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. மறுநாளும் நூல் மாதிரிதான் வந்தது. முதலில் பிடிக்க உரிமையுள்ளவள் நூலைப் பிடித்தாள், மற்றவள் காலிக் குடத்தோடு மரியாதையாக நின்றாள்.

இதைச் சொல்லி இப்போது சிரிக்க முடிகிறது. என் அப்பாவின் கையைச் சொல்லிச் சிரிக்க முடியாது.

அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். வலை இழுக்கிற எந்திரத்தில் வடம் சுற்றுகிற உருளைக்கு மறைப்பு எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், படகுக்காரருக்கும் தெரியும். ஒரு நாள் அப்பாவின் வலது கையை வடம் இழுத்துக்கொண்டது. கரைக்குக் கொண்டுவந்தபோது கைலியில் சுற்றியிருந்தார்கள். அன்றைக்கு அப்பாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மணலில் ஓடியவர் மாமாதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து விரல்கள் இல்லாத கையோடு வந்த அப்பா படகுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த எந்திரத்த மாத்து! மாத்தாம ஒருத்தனையும் அதுல ஏத்தாத! கலெக்டர் ஆபீசு வரைக்கும் போவேன், சொல்லிட்டேன்!"

தூக்குவாளி வந்தது. தோளில் உள்ளங்கை விழுந்தது. அப்பா உட்கார்ந்தார். வலது கை கட்டோடு இருந்ததால் இடது கையால் தம்ளரை வாங்கினார். அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வைத்தியம் படகுக்காரர் பொறுப்பு, கரையில் வலை கட்டுகிற வேலை நிரந்தரம், புகார் எங்கும் போகக் கூடாது என்று பேசி முடிந்தது. எந்திரம்?

"மாத்துவாரு மக்கா, மாத்தாம எங்க போவாரு? சவத்த விட்டுத் தள்ளு."

மாற்றவில்லை. கத்துகிறவன் அடங்கிய பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? அடுத்த வருஷம் அதே எந்திரம் பக்கத்து வீட்டு அண்ணனை முழுசாக இழுத்துக்கொண்டது. அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர்களில் மாமாவும் ஒருவர். கண்ணீர் விட்டுத்தான் அழுதார். கல்லறையிலிருந்து திரும்பியதும் செத்தவரின் மச்சினன்மார் கம்பை எடுத்துக்கொண்டு படகுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கிளம்பிய இடத்துக்கு சாயா வந்தது. அன்றைக்குப் பிறகு அப்பா மாமாவோடு பேசியதில்லை. எதிரே வந்தால் தெருவை மாறிப் போவார்.

இப்போது நான் நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் விழித்திரைப் பிரிவில் இருக்கிறேன். டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது என் வேலை. ஒரு காலையில் எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் மாமா வந்து உட்கார்ந்தார். கூட மாமியும் வந்திருந்தார். மாமாவுக்கு சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கொஞ்ச காலம் கால் எரிச்சலில் தூங்காமல் கிடந்தாராம். பிறகு எரிச்சல் தானாக நின்றுவிட்டதாம். நின்றதற்காகக் குருசடிச் சிற்றாலயத்தில் உப்பும் மிளகும் நேர்ச்சை போட்டாராம். மாமி இதைச் சந்தோஷமாகச் சொன்னார். டாக்டர் மாமாவின் உள்ளங்காலில் பேனா முனையை வைத்து அழுத்தினார். மாமாவுக்குத் தெரியவே இல்லை.

"எரிச்சல் போகல, கால் மரத்துப்போச்சு" என்றார் டாக்டர்.

மாமா சிரித்தார். "எப்பிடியோ நின்னாச்சுல்லா டாக்டரே."

கண்ணில் மாமா கண்டுபிடித்த கோளாறு இதுதான்: கோபுரத்துக் குருசு வளைந்து தெரிகிறது. தினமும் காலையில் கடற்கரையில் நின்று எங்கள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிற பழக்கம் அவருக்கு. ஒரு நாள் குருசின் தண்டு நடுவில் நெளிந்து தெரிந்திருக்கிறது. இடி விழுந்து வளைந்துவிட்டது என்று நினைத்து, பங்குச் சாமியாரிடம் போய் ஆள் ஏற்றி நிமிர்த்தச் சொல்லியிருக்கிறார். கமிட்டிக் கூட்டத்தில்கூட இதைப் பேசியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வாலிபன், "குருசு நேராத்தான் நிக்கு மாமா, உங்க கண்ணப் போய்க் காட்டும்" என்றானாம்.

டாக்டர் சொன்னதை நான் அவருக்கு இப்படிச் சொன்னேன்.

"மாமா, கண்ணுக்குப் பின்சுவர்ல ஒரு திரை உண்டு. அதுல விழுந்தாத்தான் காட்சி. அந்தத் திரைக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேணும், அத ரத்தம் கொண்டு போவணும். உங்க சர்க்கரையில சின்னச் சின்னக் குழாய் எல்லாம் அடஞ்சு போச்சு. அடஞ்ச இடத்துக்கு மூச்சு முட்டுகு. மூச்சு முட்டுனா கத்தும்லா? அந்த எடம் ஒரு மருந்து மாதிரி ஒண்ண ஊற விட்டு, எனக்கு ரத்தம் தா, ரத்தம் தான்னு கத்துகு. அந்தக் கத்தலக் கேட்டு இருக்கிற குழாய் கசியும். புதுக் குழாயும் முளைக்கும், ஆனா ஒறப்பு இருக்காது, தொட்டா ஒடஞ்சு ரத்தம் கொட்டும். கசிவுல நடுத்திரை வீங்கினதுனாலதான் உங்களுக்குக் குருசு வளஞ்சுது."

"அப்போ ஊசி?"

"ஊசி அந்தக் கத்தல அடக்கும். கசிவு நிக்கும், வீக்கம் வத்தும்."

"கொள்ளாம்!" என்றார் மாமா. முகம் மலர்ந்துவிட்டது. தன் சாதிக்காரனைக் கண்ட மாதிரி ஒரு மலர்ச்சி. "அப்போ நம்ம ஆளாக்கும் இந்த ஊசி."

மீதியைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். அடைந்த குழாயை ஊசி திறக்காது. ஊசி போட்ட பிறகு திரைக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கூடுமா குறையுமா என்பதில் பெரிய டாக்டர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வீக்கம் வடிவதால் நிலைமை மேலாகும் என்பார்கள், குழாய்கள் சுருங்குவதால் இன்னும் குறையலாம் என்றும் சொல்வார்கள். ஒன்று மட்டும் உறுதி. மூச்சு முட்டிக் கிடக்கிற இடம் அப்படியேதான் கிடக்கும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடியும் கத்தும். அதனால் சொன்ன தேதியில் வர வேண்டும், சர்க்கரையைக் கட்ட வேண்டும், ஓரத்தில் கெட்டுப்போன இடங்களை லேசரால் சுட வேண்டும். சுட்டுவிட்டால் அந்த இடம் ஆக்சிஜன் கேட்காது, இருப்பதை வைத்து மீதித் திரை பிழைத்துக்கொள்ளும்.

"சுட்டா ஒண்ணும் கொறயாதா?"

"ஓரப் பார்வை கொஞ்சம் கொறயும் மாமா. இருட்டுல கொஞ்சம் தட்டும்."

"அது வேண்டாம்." யோசிக்கவே இல்லை. "யாருக்கும் நஷ்டம் வராமத் தீக்கணும். அதாக்கும் எனக்க முறை. ஊசியே போடுங்கோ."

டாக்டரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமா, பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே நழுவினார். ஊசிக்கு மட்டும் ஒழுங்காக வந்தார். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையைக் கவ்வி வைத்து, வெள்ளை விழியில் ஊசி இறங்கும்போது பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் காலை உதறுவார்கள். மாமா ஒரு முனகல் முனகியதில்லை. வெளியே காத்திருக்கிற இடத்திலும் பழைய மாமாதான். டாக்டர் வரத் தாமதமாகி ஜனங்கள் சத்தம் போட்டால், எழுந்து போய் கேன்டீனில் சாயா சொல்லிவிடுவார். எங்கள் வரவேற்பறைப் பெண்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாமா வருகிற நாளில் அவர்கள் யாரிடமும் ஏச்சு வாங்கவில்லை. டாக்டர் என்னவோ அன்றும் தாமதமாகத்தான் வந்தார்.

மாமா வைத்தியத்துக்கு வருவதை வீட்டில் சொன்னேன். அப்பா வலையில் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். இடது கையும் பற்களும்தான் அவருக்கு வேலை செய்யும்.

"கண்ணு கெட்டுப் போவட்டும். ஊருல சண்ட நடக்கது அவருக்குத் தெரியாதுல்லா, பத்து பேரு பொழச்சுக்குவான்" என்றார்.

சில ஊசிகளுக்குப் பிறகு குருசு நேராயிற்று. அன்றைக்கு மாமா ஆஸ்பத்திரிக்கே மிட்டாய் வாங்கி வந்தார். அடுத்த தேதிக்கு அவர் வரவில்லை. போன் செய்தேன்.

"குருசு நேரா நிக்கு மக்கா. தினமும் பாக்கேன். அச்சுக் குத்தின மாதிரி நிக்கு. பிறகு என்னத்துக்குக் கண்ணுல குத்தணும்?"

கோடு நெளிகிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்லிக் கட்டம் போட்ட அட்டை கொடுத்திருந்தோம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். அது அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் இருப்பதாக மாமி சொன்னார். ஆண்டவருடைய குருசு இருக்கும்போது ஆஸ்பத்திரி அட்டை எதற்கு என்று மாமா கேட்டாராம். அந்தக் குருசையும் அவர் இரண்டு கண்ணாலும் சேர்த்துத்தான் பார்த்தார். அது நேராகத் தெரிந்தால் நடுத்திரையில் வீக்கம் இல்லை, அவ்வளவுதான். ஓரத்தில் மூச்சு முட்டிக் கிடக்கிற இடத்தைப் பற்றிக் கோபுரத்துக் குருசுக்கு என்ன தெரியும்?

மறுபடியும் போன் செய்தேன். மறுபடியும் குருசு நேராக நின்றது. ஊசியை மட்டும் நம்பி, அதையும் பாதியில் விட்டவர்கள் என்ன நிலைமையில் திரும்பி வருவார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். அடக்கி வைத்தது அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். புதுக் குழாய்கள் காடாக முளைத்து, திரையையே பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்கு வேறு கோபமாக மாறியது. இந்த மனுஷன் ஒரு தடவையாவது, தன் கண்ணுக்காகவாவது, காது கொடுத்துக் கேட்க மாட்டாரா?

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். அப்பா தடுக்கவில்லை.

"போய்ச் சொல்லு. நான் சொன்னத அவரு கேக்கல்ல. நீ சொல்லுகதையாவது கேக்கட்டு" என்றார்.

வாசலில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டேன். கண் போய்விடும் மாமா, இரண்டும் போய்விடும், திரும்ப வராது, விளையாட்டு இல்லை என்று குரலை உயர்த்தியே சொன்னேன். தெருவில் ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாமா பொறுமையாகக் கேட்டார். எழுந்து வந்து என் தோளில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, பிள்ளைக்கு ஒரு சாயா கொண்டு வா. வெயில்ல வந்திருக்குல்லா."

சாயா வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். எனக்கு அப்பாவின் இடது கை ஞாபகம் வந்தது. தம்ளரை வாங்கி அப்படியே தரையில் வைத்தேன்.

"குடிக்க மாட்டேன் மாமா. நாளைக்கு வாறேன்னு சொல்லுங்க, குடிக்கேன்."

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. அவர் நீட்டிய தம்ளரை அதுவரை யாரும் தரையில் வைத்திருக்க மாட்டார்கள். பிறகு சிரித்துவிட்டார்.

"உனக்க அப்பனுக்க பிடிவாதம் அப்பிடியே இருக்கு. வருவேன் மக்கா, வராம எங்க போவேன்?"

எந்திரத்த மாத்துவாரு மக்கா, மாத்தாம எங்க போவாரு. அதே குரல், அதே இழுப்பு. அவர் வர மாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வந்தார், மழைக்காலம் எல்லாம் முடிந்த பிறகு. மாமி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வலது கண்ணுக்குள் ரத்தம் கொட்டி நிரம்பியிருந்தது. இடது கண்ணில் திரை பிய்ந்து மடங்கியிருந்தது. டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் வெளிச்சம் இருட்டு தெரிவதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதை எடுத்துச் சொல்ல அவரை என் அறைக்கு அனுப்பினார்கள்.

அதே நாற்காலி. வேட்டி வழக்கம்போல வெள்ளையாக இருந்தது. என் குரல் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"மக்கா, வலிக்கவே இல்லியே. ஒரு சின்ன சத்தம்கூட இல்லியே. ஒண்ணும் சொல்லாம எப்பிடிப் போவும்?"

"சொல்லிச்சு மாமா. குருசு வளஞ்சுதே, அது பின்ன என்ன? ஊசி போட்டு அதுக்க வாயப் பொத்தினோம். பொத்தினது எதுக்கு? அந்த நேரத்துக்குள்ள ஆக வேண்டியதப் பாக்கதுக்கு. நீங்க சத்தம் நின்னதும் எழும்பிப் போயிட்டிய."

அவர் தலையைக் குனிந்தார். என் அப்பாவைப் பற்றி ஒரு சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணனைப் பற்றியாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அவருக்கு ஞாபகம் வந்ததா, வந்தும் சொல்லவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திடீரென்று கத்தினார். அந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மாமியும் கேட்டிருக்க மாட்டார், பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்குக் கண்ணு காணல்லியே! அய்யோ, எனக்க ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் காணல்லியே!"

மேசையை அறைந்தார். அறைந்து அறைந்து கத்தினார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எழுந்தார்கள். வரவேற்பறைப் பெண் ஓடி வந்தாள். மாமாவை ரொம்பப் பிடித்தவள் அவள். அவளுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தாள். கேன்டீன் பக்கம் போய் ஒரு பேப்பர் கப்பில் சாயாவோடு வந்தாள்.

"மாமா, இதக் குடியுங்க முதல்ல. குடிச்சிட்டுப் பேசலாம். மத்த பேஷண்டு எல்லாரும் பயப்படுகாவ."

அவர் கை தானாகவே நீண்டது. காற்றில் கப்பைத் தேடியது. அது அவர் விரலில் படுவதற்கு முன்னால் நான் எட்டி வாங்கிக்கொண்டேன்.

"விடு பிள்ளே, கத்தட்டும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்தப் போனாள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கத்தி முடிக்கிற வரைக்கும் வாசலில் நின்றேன்.